உறுப்புகள் இல்லாத உடல்

கடற்பஞ்சுக்கு வாய் இல்லை, இதயம் இல்லை, நரம்பும் இல்லை. இளவுயிர்ப் பருவத்தில் சிறிது காலம் நீந்தித் திரிந்துவிட்டுப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் அது அதன்பின் இடம் பெயர்வதும் அரிது என்பதால், அதைத் தாவரமென்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். பின்னாளில் எடின்பரோவில் மாணவராயிருந்த டார்வினுக்கு வழிகாட்டிய ராபர்ட் கிராண்ட், 1825ஆம் ஆண்டில் உயிருள்ள கடற்பஞ்சுத் துண்டொன்றைக் கடல்நீரில் இட்டு நுண்ணோக்கியால் நோக்கியபோது, அதன் பெரிய துளையொன்றிலிருந்து நீர் ஓயாமல் பீறிட்டு வருவதையும், அந்நீரோடு கழிவுத் துகள்கள் வெளியேறுவதையும் கண்டார்.

அந்த நீரோட்டமே கடற்பஞ்சின் வாழ்வு. உடலெங்கும் உள்ள ஆஸ்டியா எனும் நுண்துளைகள் வழியே நுழையும் நீர், உள்ளே கால்வாய்களாகப் பிரிந்து சிறுசிறு அறைகளை அடைகிறது. அவ்வறைகளின் சுவரில் அமைந்த கழுத்துப்பட்டைச் செல்கள் ஒவ்வொன்றும் ஒரு கசையிழையைச் சுழற்றி நீரை இழுப்பதோடு, அவ்விழையைச் சூழ்ந்த பட்டை போன்ற வடிகட்டியில் சிக்கும் பாக்டீரியாக்களைத் தாமே விழுங்கிச் செரிக்கவும் செய்கின்றன. ஆறு ஏரிக்குள் விரிந்ததும் வேகம் குறைவதுபோல, அறைகளின் மொத்தப் பரப்பு மிகுதியாதலால் அங்கே நீர் மெதுவாகி, உணவைப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. பின்னர் ஆஸ்குலம் எனும் குறுகிய வாயில் வழியே விரைந்து வெளியேறுவதால், கழிவுநீர் திரும்ப உள்ளே வராமல் தொலைவில் போய் விழுகிறது. ஒரே நாளில் தன் பருமனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை இறைக்கும் இவ்வமைப்பில் கட்டளையிடும் மையம் எதுவும் கிடையாது என்பதைப் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுவது வியப்பே.

செல்களின் இந்தத் தன்னாட்சியை 1907இல் அமெரிக்க விலங்கியலாளர் எச்.வி. வில்சன் வெளியிட்ட சோதனை தெளிவாக்கியது. சிவந்த நிறமுடைய மைக்ரோசியோனா எனும் கடற்பஞ்சை அவர் மெல்லிய பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்தபோது, அது தனித்தனிச் செல்களாகவும் சிறு திரள்களாகவும் சிதைந்து கடல்நீரில் கலங்கலாக வீழ்ந்தது. கிண்ணத்தின் அடியில் படிந்த செல்களோ அமீபாவைப் போல ஊர்ந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டித் திரண்டு, கால்வாய்களும் அறைகளும் கொண்ட கடற்பஞ்சாக மீண்டும் உருவாயின. உயர்விலங்குகளின் உடலில் ஒரு செல் எவ்வாறு தன் இனத்தை இனங்கண்டு ஒட்டிக்கொள்கிறது என்ற ஆய்வுக்கு இச்சோதனை முன்னோடியாயிற்று.

சொறிமீன் கடற்பஞ்சைவிட ஒரு படி மேலானது. இரண்டு செல்லடுக்குகள், அவற்றினிடையே பெரும்பாலும் நீராலான கூழ், உணவு செரிக்கும் குழி, மூளையில்லாவிட்டாலும் உடலெங்கும் பரவிய நரம்பு வலை ஆகியவை அதற்கு உண்டு. ஆயினும் அதன் போர்க்கருவி இன்னும் தனிச்செல்லின் கையிலேயே உள்ளது. கொட்டும் செல் ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு நுண்பை இருக்கிறது. அதில் நஞ்சும் சுருட்டி மடித்த குழலும் அடைபட்டுள்ளன. செல்லின் வெளிமுனையிலுள்ள உணர்மயிர் தூண்டப்பட்டதும் பையின் மூடி திறந்து குழல் வெளியே பாய்கிறது. சொறிமீனின் உறவினமான ஹைட்ராவில் அளந்தபோது, பையினுள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 150 மடங்கு என்றும், குழலின் முனை பாய ஆகும் நேரம் 700 நானோநொடி, அதாவது ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு என்றும் தெரியவந்தது. விலங்குலகில் அறியப்பட்ட அசைவுகளில் மிக விரைவானவற்றுள் இதுவும் ஒன்று.

நரம்புகள் இச்செயலைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவை எனினும், அவற்றின் ஆணை இன்றியும் கொட்டும் செல் இயங்கும். எனவே சொறிமீன் இறந்த பின்னும், அறுந்த கைகளில்கூட, அதன் நஞ்சு பாயக்கூடும். கரையில் ஒதுங்கி அசைவற்றுக் கிடக்கும் சொறிமீனைக் குழந்தைகள் வெறுங்கையால் தொடாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.