குண்டு விழுந்த தூரம் வரை

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. விற்றவர் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம். கோட்டையோடு சேரும் நிலத்துக்குப் பத்திரம் சொன்ன எல்லை, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். நன்றாக மருந்து கெட்டித்து எவ்வளவு தூரம் அனுப்ப முடியுமோ அவ்வளவும் பீரங்கிக்காரனின் திறமை என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அப்போது அங்கே கவர்னர் எலிஹு யேல். செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர் ஊரே கம்பெனிக்குள் வந்துவிட்டது. குண்டு விழுந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. எழுதாமல் விட்டதை வலுத்தவன் தன் பக்கம் எழுதிக்கொள்வான் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி நம் பக்கத்தில் இல்லை.

எழுத்தின் மதிப்பு நமக்குப் புதிதல்ல. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் ஒரு வழக்கே நடக்கிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்தது என்று சொல்லி முதியவர் ஒருவர் நீட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போடுகிறார். மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் சும்மா நம்பிவிடவில்லை. பாட்டனாரின் வேறொரு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இன்று சிதம்பரத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கும் மாணவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில ஒப்பந்தம். 'ரெட்யூஸ்டு டு ரைட்டிங்' என்று அதில் வந்தால், பேசியதை எழுத்தில் கொண்டுவந்தாயிற்று என்று பொருள். இதன் கனம் பலருக்குத் தெரிவதில்லை. பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 94, 95ஆம் பிரிவுகளின்படி, சில விதிவிலக்குகள் தவிர, எழுதிய ஷரத்தை வாய்ப்பேச்சால் மாற்றவோ கூட்டவோ குறைக்கவோ முடியாது. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று வீட்டுக்காரர் வாசலில் சொன்னது வழக்கில் நிற்பது கடினம். வெள்ளையடிக்கும் செலவு, மின்கட்டணம், எத்தனை மாத முன்னறிவிப்பு எல்லாம் தாளில் ஏறியாக வேண்டும். புரியாத வரி இருந்தால் தமிழில் படித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை; கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

முன்பணத்தைக் குறிப்பாகப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நகர்ப்புற வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தொகைதான்.