தொட்டி மாற்றிய ஆர்க்கிட் வாடுகிறதா? உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

சீனப் புத்தாண்டு முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் வீவக புளோக்குகளின் நடைபாதைகளில் இதைப் பார்க்கலாம். பண்டிகைக்கு வாங்கிய ஃபெலனோப்சிஸ் ஆர்க்கிட்டின் பூக்கள் உதிர்ந்திருக்கும். பச்சை இலைகளோடு இருக்கும் செடியைத் தூக்கி எறிய மனம் வராது. புதிய தொட்டி, புதிய கரி, மரப்பட்டை எல்லாம் வாங்கி வந்து மாற்றி வைப்பார்கள். பத்து நாளில் இலைகள் துவண்டு தொங்கும். செடிக்குத் தாகம் என்று நினைத்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். அடுத்த மாதம் தொட்டி காலி.

பல வீடுகளில் செடி சாவதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். இலை துவள்வது நீர்ப் பற்றாக்குறையால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொட்டியில் நீர் இருக்கும். அதை உறிஞ்சி மேலே அனுப்பும் வேர்கள் செத்திருக்கும். செத்த வேருக்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் அழுகல் தண்டுவரை ஏறிவிடும்.

ஃபெலனோப்சிஸ் மண்ணில் வளரும் செடி இல்லை. காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும். சிலர் நினைப்பதுபோல் மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணியும் இல்லை. நிற்க ஓர் இடம் மட்டுமே அதற்கு வேண்டும். மழை பெய்யும்போது வேர் நனையும், காற்றடித்ததும் காயும். அதற்கேற்ப வேரைச் சுற்றி கடற்பஞ்சு போன்ற ஒரு வெள்ளை உறை இருக்கிறது. நீர் பட்டதும் அந்த உறை அதை ஈர்த்துக்கொள்ளும். உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். காய்ந்ததும் வெள்ளி போல வெளுத்துவிடும். எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகல் அப்படித்தான் தொடங்குகிறது.

தொட்டி மாற்றும்போது ஏன் இவ்வளவு வேர்கள் போகின்றன? கை பட்டு உடைவது ஒரு பகுதிதான். பெரிய காரணம் வேறு. வேர் எந்தச் சூழலில் முளைத்ததோ அந்தச் சூழலுக்கே பழகியிருக்கும். கடையில் விற்கும் ஃபெலனோப்சிஸ் பெரும்பாலும் ஈரமான பாசியில் வளர்ந்தது. அந்த வேர்களைத் திடீரென்று சீக்கிரம் காய்ந்துபோகும் கரித்துண்டுகளுக்குள் போட்டால் பல வேர்கள் வற்றிவிடும். நேர்மாறாக, வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்த வேர்களை “அழகாக இல்லை” என்று மடக்கி உள்ளே புதைத்தால் அவை மூச்சுத் திணறும். நன்றாகத் தெரிந்தவர்கள் மாற்றினாலும் பழைய வேர்களில் சில போகத்தான் செய்யும். புதிய சூழலுக்கு ஏற்ற வேர்களைச் செடி புதிதாகத்தான் விடவேண்டும். அதுவரை இருக்கிற வேரை வைத்து அதை உயிரோடு வைத்திருப்பதுதான் நம் வேலை.

இன்னொரு ரகசியம், கடைச்செடியின் நடுவிலேயே ஒளிந்திருக்கும். கன்றாக இருந்தபோது வைத்த பாசி உருண்டை அல்லது ஸ்பாஞ்ச் துண்டு, வேர்களுக்கு மத்தியில் அப்படியே இருக்கும். வெளிப்பாசி காய்ந்த பிறகும் அது சொதசொதவென்று ஈரமாக இருக்கும். மேலே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் அழுகல் நடுவிலிருந்து தொடங்கும்.

சரி, மாற்றிய செடி துவண்டுவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பாசி இறுகியிருந்தால் தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். வேரை நிறத்தைப் பார்த்து எடைபோட வேண்டாம். வெளிச்சம் படாத வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கலாம், ஆனாலும் உயிரோடு இருக்கும். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது நல்ல வேர். கொழகொழவென்று இருந்தாலும், வெற்றுக்குழாய் போல அமுங்கினாலும், உறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினாலும் அது செத்தது. சந்தேகமாக இருக்கும் வேரை விட்டுவையுங்கள். ஆர்வக்கோளாறில் நல்ல வேரையும் வெட்டிவிடுபவர்களே அதிகம்.

கத்திரியைத் தீயில் காட்டி ஆறவைத்து, செத்த பகுதியை மட்டும் வெட்டுங்கள். அடுத்த செடிக்குப் போகும்முன் மறுபடி தீயில் காட்டவேண்டும். ஆர்க்கிட்டுகளைத் தாக்கும் வைரஸ்கள் வெட்டும் கருவி வழியாகப் பரவும். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூளைக் கொஞ்சம் தொட்டு வைக்கலாம். அது பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் வேரை உலர்த்தவும் செய்யும். ஆகவே வேர் முழுக்கத் தூவாதீர்கள். பிறகு நிழலில் சில மணிநேரம், முடிந்தால் ஒருநாள், காயம் உலரும்வரை அப்படியே வையுங்கள். செடி செத்துவிடாது.

மிச்சமிருக்கும் வேர் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் தொட்டி. இரண்டு மூன்று வேர்கள் மட்டுமே இருந்தால் 8 அல்லது 10 செண்டிமீட்டர் தொட்டி போதும். ‘வளரட்டும்’ என்று பெரிய தொட்டி வைத்தால் நடுப்பகுதி காயவே காயாது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வேரின் நிறத்தைத் தினமும் பார்க்கலாம். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன், பார்வைக்குச் சாதாரணமாக இருந்தாலும்.

உள்ளே எதைப் போடுவது என்பது உங்கள் கையைப் பொறுத்தது. தினமும் தண்ணீர் ஊற்றாவிட்டால் கை நமநமக்கிறவர்களுக்குக் கரியும் மரப்பட்டையும் நல்லது. மறதிக்காரர்களுக்குப் பாசி ஏற்றது, அதையும் இறுக்கித் திணிக்காமல் தளர்வாக வைத்தால்தான். பேராக்கின் கோலா செபெத்தாங் பக்கம் சதுப்புநில மரத்தில் சூளை போட்டுச் செய்கிறார்களே, அதுபோன்ற மரக்கரி வேண்டும். சீக்கிரம் பற்றிக்கொள்ள மருந்து சேர்த்த பார்பிக்யூ கட்டி கூடாது. தேங்காய் மட்டைத் துண்டுகளில் உப்பு தங்கியிருக்கும். மூன்று நான்கு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்தவேண்டும்.

செடியை ஒரு குச்சியில் கட்டி அசையாமல் நிறுத்துங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வேர் குறைந்த செடி காற்றில் ஆடும்போது, புதிதாக முளைக்கும் வேர்நுனி கரியில் உரசி ஒடிந்துவிடும். பூந்தண்டு இன்னும் இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். இந்த நிலையில் பூவுக்குச் செலவிடச் செடியிடம் தெம்பு கிடையாது.

முதல் தண்ணீர் மூன்று முதல் ஐந்து நாள் கழித்து, காலை நேரத்தில். அதன் பிறகு தொட்டிக்குள் வேர் வெளுத்தால் மட்டும். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். வேர் அழுகிய செடிக்காவது வழி உண்டு. ஃபெலனோப்சிஸில் குருத்து அழுகினால் பெரும்பாலும் கதை முடிந்தது. உரம் இப்போது வேண்டாம். புதிய வேர் மூன்று நான்கு செண்டிமீட்டர் நீண்ட பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கலந்து தொடங்கலாம்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள், வேரில்லாத ஆர்க்கிட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் மூடிவைக்கச் சொல்கின்றன. நமக்கு அது தேவையில்லை. சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். 32 டிகிரி வெயிலில் பைக்குள் செடி வெந்துவிடும். நாள் முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறையானால் யோசிக்கலாம். தொட்டிக்கடியில் தண்ணீர்த் தட்டு வைப்பதும் வேண்டாம். வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் பெருகும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரி கதவைத் தட்டினால் அபராதம் கட்டவேண்டியது நாம்தான்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். இடையில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அடி இலை ஒன்று மெல்ல மஞ்சளாகி உதிர்ந்தால் பயமில்லை. அதிலிருக்கும் சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. குருத்திலிருந்து மஞ்சளானாலோ, கரும்புள்ளி ஒன்று நாளுக்கு நாள் பரவினாலோதான் கவலைப்படவேண்டும். சுருங்கிய பழைய இலைகள் முழுதாக நிமிராமலே போகலாம், அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்டின் அடியில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பளபளக்கும் ஒரு நுனி எட்டிப் பார்த்தால் செடி பிழைத்துவிட்டது. அன்றிரவே நத்தை வந்து அதைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி நத்தைகளுக்கு வேர்நுனி என்றால் அவ்வளவு பிரியம்.

டென்ட்ரோபியத்துக்கும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் புதுக்குருத்து தன் சொந்த வேரை விடத் தொடங்கும் நேரம் பார்த்து மாற்றினால் இந்தச் சிக்கலே பெரும்பாலும் வராது. கூடையில் தொங்கும் வாண்டாவின் வேர்களைப் புதைக்கவே கூடாது. பழைய கூடை மட்கிப்போனால், வேரைப் பிய்க்காமல் அந்தக் கூடையோடு பெரிய கூடைக்குள் இறக்கிவிடுங்கள்.

காப்பாற்றிய ஃபெலனோப்சிஸ் அடுத்த பண்டிகைக்கே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேரும் இலையும் தேற ஓராண்டு போகும். அதற்குப் பிறகும், பூந்தண்டு விட அதற்குச் சில வாரம் 25 டிகிரிக்கும் குறைவான குளிர் வேண்டும். கேமரன் மலையில் அது இயல்பாகக் கிடைக்கும்; ஈசூனிலோ உட்லண்ட்சிலோ படுக்கையறைக் குளிர்சாதனம் இரவில் ஓடும் சன்னலோரம்தான் வழி. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் நம் வெப்பத்திலேயே ஆண்டில் பலமுறை பூக்கும் டென்ட்ரோபியம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.