லக் அழுத்தும் கருவி

புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் இருந்தும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்லையும் கரும்பையும் பெரும்பாலும் காப்பாற்றி வருபவை போர்க் கிணறுகளே. அவற்றின் மோட்டார் காயில் எரிந்துபோனால் வோல்டேஜின் மேல் பழிபோடும் நம்மவர்கள், கொட்டகையிலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, கேபிள் முனையில் மாட்டிய லக்கை அசைத்துப் பார்ப்பது அபூர்வம்.

ஐந்து குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டார் ஓடுகையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் கணத்திலோ அது ஐந்து, ஆறு மடங்காகும். மூன்று லக்குகளில் ஒன்று மட்டும் சரியாக அழுந்தாதிருந்தால், அவ்விடத்தில் தடை மிகுந்து, உஷ்ணம் ஏறி, செம்பு கறுத்து, முடிவில் அந்த பேஸ் அறுந்துபோக, மற்ற இரண்டை மட்டும் கொண்டு சுழல முயலும் மோட்டார், ஓவர்லோடு ரிலே காப்பாற்றாவிட்டால், தன் காயிலைத் தானே எரித்துக்கொள்கிறது.

லக்கின் குழலையும் அதனுள் நுழைத்த செம்பு இழைகளையும், இடையில் காற்றும் ஈரமும் புகாதபடி நெருக்கி இறுக்குவதே அழுத்துதலின் தத்துவம். குறைவாக அழுத்தினால் இடைவெளி நிற்கும். மிதமிஞ்சினால் இழைகள் அறும். ஈயப் பற்று வைப்பதும் உண்டுதான்; ஆனால் ஈயம் ஊறி விறைத்த கம்பி, அதிர்வு உள்ள இடத்தில் ஈயம் முடியும் விளிம்பிலேயே ஒடிந்துவிடும். அமெரிக்காவில் 1941இல் விட்டேக்கர் என்ற பொறியாளர் தொடங்கிய ஆம்ப் நிறுவனம், விமானங்களுக்கும் கப்பல்களுக்குமென்றே ஈயமில்லாத இணைப்புகளைச் செய்யலாயிற்று.

கட்டிங் பிளேயரால் நசுக்குகிற வழக்கத்தை நான் வேலையென்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்கவேண்டியது ராட்செட் உள்ள கருவி. முழு அழுத்தம் முடியுமட்டும் அதன் வாய் திறக்காதாகையால், களைத்த கையும் காலைக் கையும் ஒரே அளவாக அழுத்துகின்றன. வாயின் பள்ளங்களில் சதுர மில்லிமீட்டர் அளவு பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். உறையிட்ட லக்கானால், சிவப்பு 0.5 முதல் 1.5 வரையும், நீலம் 1.5 முதல் 2.5 வரையும், மஞ்சள் 4 முதல் 6 வரையும் உள்ள கம்பிகளுக்கு உரியது. உறையற்ற லக்கிற்கு வாய் வேறு. ஒன்றிற்காகச் செய்ததில் மற்றொன்றை அழுத்தலாகாது. கருவியை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் இரு தாடைகளும் சாயாமல் நேராகப் பொருந்தவேண்டும். பக்கவாட்டில் ஆடுவதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கியபின் ஒரு லக்கைப் பலிகொடுக்கத் தயங்கலாகாது. அழுத்தி, இழுத்துப் பார்த்து, பின் ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்து, பிசிரை அரத்தால் தேய்த்து நோக்கினால், வட்டமாயிருந்த இழைகள் தேனடைக் கண்கள்போலக் கோணங்கொண்டு இடுக்கின்றி நெருங்கியிருக்கவேண்டும். ராட்செட்டை நடுவில் விடுவிக்க ஒரு சிறு நெம்பும் கருவியில் உண்டு. அது தவறான லக்கை மாட்டிவிட்டால் எடுப்பதற்காகவே ஏற்பட்டது, அப்படி எடுத்த லக்கை மறுபடி உபயோகிக்கக்கூடாது.