மலைப்பூண்டும் புற்றுநோய்ப் பத்தியமும்

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் மிகுந்த அருமையான பூண்டு. ஆனால் "தினம் ரெண்டு பல் தின்னா புத்துநோய் கரைஞ்சிடும்" என்ற பேச்சும் அதோடு சேர்ந்து பரவுகிறது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பூண்டு என்ன செய்யும்?

பல்லை நசுக்கியதும் அதிலுள்ள அல்லினேஸ் என்ற நொதி, அல்லின் என்ற பொருளை அல்லிசினாக மாற்றுகிறது. சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அதனால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து குழம்பில் போடுவது நல்லது. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுசெல்களின் பெருக்கத்தைக் குறைத்திருப்பது உண்மை. மனித உடலில் அதே பலன் கிடைக்குமா?

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் 1995இல் மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் ஓர் ஆய்வு தொடங்கியது. சிலருக்குப் பல ஆண்டுகள் பூண்டுச் சத்து மாத்திரை. சிலருக்கு இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க இரண்டே வார மருந்து. 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரைப்பைப் புற்றுநோய் வருவதைக் கிருமிக்கான மருந்து தெளிவாகக் குறைத்திருந்தது. பூண்டு விஷயத்தில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோயின் போக்கு

ஒரே அளவு மார்பகக் கட்டியுள்ள இரண்டு பெண்களுக்கு நோய் இரண்டு விதமாகப் போகலாம். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறதா என்பவை முக்கியம். ஹெர்-2 மிகுந்த கட்டி வேகமாகப் பரவும் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே அஞ்சினார்கள். 1998இல் டிராஸ்டுசுமாப் மருந்து வந்தபிறகு அந்த நோயாளிகளின் ஆயுள் கூடியது. எந்த வகை என்று அறியச் சதைப் பரிசோதனை வேண்டும். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயந்து அதை மறுத்தால், சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

பத்தியம் வேண்டாம்

என்னை அதிகம் வருத்துவது இதுதான். நோய் என்றதும் முட்டை, மீன், கறி, பால் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். எடை குறைந்து தசை கரைந்தவர்களுக்குக் கீமோவின் பக்கவிளைவுகள் கடுமையாகின்றன. சிகிச்சை பாதியில் நிற்கிறது. சிகிச்சைக் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். பருப்பு, பட்டர் பீன்ஸ், பட்டாணி, பால், கோழி எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலில் பூண்டு தாராளமாக இருக்கட்டும். மாத்திரையாகவோ பச்சையாக நிறையவோ சாப்பிட்டால் இரத்தம் உறைவது தாமதமாகலாம். அறுவைசிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பப்ளிமாஸ் பழமும் சில புற்றுநோய் மாத்திரைகளோடு ஒத்துப்போகாது.

மார்பில் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, இவற்றில் எது தெரிந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மலையிறங்க ஒரு நாள் வேலை கெடும் என்று பார்க்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்.