அவலாஞ்சி ஏரிக்கரை

கோடை விடுமுறையில் நண்பர்களோடு ஊட்டி போகிறவர்கள் கூடாரம் அடிக்க ஆசைப்படும் இடம் அவலாஞ்சி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த பெரும் மண்சரிவால் அமைந்த பெயர் அது. 1907இல் அங்கே டிரவுட் மீன்பண்ணை வந்தது. தூண்டில் போடும் ஆங்கிலேயர்களுக்காக வளர்த்த, குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் மீன் அது. ஏரியோ அதற்கும் பிந்தியது. குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கனடாவின் உதவியோடு கட்டிய அணையில் தேங்கிய நீர்தான்! 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் அங்கே 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆகவே, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அந்தப் பக்கம் வேண்டாம். சுற்றிலும் அருமையான சோலைக்காடு. வனத்துறையின் அனுமதி பெறாமல் அங்கே தங்காதீர்கள், நெருப்பு மூட்டாதீர்கள்.