நாள் முழுக்க மாறும் நோயை எப்படி அளப்பது?

பார்க்கின்சன் நோயுள்ள ஒருவர் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவிப்பார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் துணையின்றிப் படியேறுவார். பிற்பகலில் நடந்துகொண்டிருக்கும்போதே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். இத்தனையும் ஒரே நாளில் நடக்கும். ஆனால் இவரை மறுபரிசோதனை செய்ய பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் வகுத்திருக்கும் இடைவெளி 6 முதல் 12 மாதம். மணிக்கு மணி மாறும் நோயை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறோம். அந்த நாட்டில் சிகிச்சைத் தரங்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, உடலில் அணியும் ஐந்து கண்காணிப்புக் கருவிகளை 2023 ஜனவரியில் நிபந்தனையுடன் பரிந்துரைத்ததற்குப் பின்னால் இந்தப் பொருத்தமின்மை இருக்கிறது. நோயாளியின் அசைவை அவர் வாழும் இடத்திலேயே, நாள் முழுக்க அளப்பது நல்ல சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும். அதேசமயம், அந்த அளவீட்டை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும்.

இந்த ஏற்ற இறக்கம் ஏன் வருகிறது? அசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் சிறுகச் சிறுக அழிவதால் இந்த நோய் உண்டாகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய 1960களிலிருந்து தரப்படும் முதன்மை மருந்து லெவோடோபா. நோயின் தொடக்கத்தில், மிஞ்சியிருக்கும் செல்கள் மருந்திலிருந்து கிடைக்கும் டோபமினைச் சேமித்துவைத்துச் சீராக வெளியிடும். செல்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்பும் போய்விடுகிறது. இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், மூளையும் அதற்கேற்ப ஏறி இறங்கத் தொடங்குகிறது. அடுத்த வேளை வருவதற்குள் விறைப்பும் மந்தமும் திரும்பிவிடுகின்றன. மருந்து உச்சத்தில் இருக்கும்போதோ கட்டுக்கடங்காத நெளிவசைவுகள் வருகின்றன. புரதம் மிகுந்த சாப்பாடுகூட மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுத்து, மதிய மாத்திரையைப் பயனற்றதாக்கிவிடலாம்.

இவ்வளவு நுணுக்கமான மாற்றத்தைப் பிடிக்க இதுவரை இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, மருத்துவர் நோயாளியை விரல் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவது. உலகெங்கும் ஏற்கப்பட்ட முறைதான் இது. ஆனால் அந்தச் சில நிமிடங்களின் நிலைமையை மட்டுமே அது சொல்லும். மருத்துவர் முன்னால் கவனமெடுத்து நடக்கும்போது பலரின் நடை வீட்டில் இருப்பதைவிடச் சீராகிவிடுகிறது என்பதையும் நரம்பியல் மருத்துவர்கள் அறிவார்கள். மற்றொன்று, அரை மணிக்கு ஒருமுறை தன் நிலையை நோயாளியே குறித்துவைக்கும் நாட்குறிப்பு. கை நடுங்குபவருக்கு இது பெரும் வேலை. தவிர, தம் உடலில் தோன்றும் நெளிவசைவுகளைப் பல நோயாளிகள் உணர்வதே இல்லை. அதை நடுக்கம் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. இந்தக் குழப்பம் சிகிச்சையையே திசைமாற்றிவிடும். நடுக்கம் மருந்து போதாததைக் காட்டலாம். நெளிவு பெரும்பாலும் மருந்து மிகுந்ததைக் காட்டுகிறது.

உணரிகள் உதவுவது இங்கேதான். மணிக்கட்டில் கட்டும் கருவிக்குள் இருக்கும் முடுக்கமானி, கை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை விடாமல் பதிவு செய்கிறது. பார்க்கின்சன் நோயின் ஓய்வுநிலை நடுக்கம் பெரும்பாலும் விநாடிக்கு 4 முதல் 6 முறை அடிக்கும். மந்தமான கையின் அசைவில் வேகம் குறைந்து, அசைவற்ற இடைவெளிகள் நீளும். நெளிவசைவில் அந்த இடைவெளிகள் சுருங்கும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவாகி, 'நைஸ்' பட்டியலிலும் இடம்பெற்ற கினெடிகிராஃப் கருவி இந்த வேறுபாடுகளை இரண்டு நிமிடத் துண்டுகளாகக் கணக்கிடுகிறது. மாத்திரை நேரத்தில் அதிர்ந்து நினைவூட்டுகிறது. மாத்திரை போட்டதும் நோயாளி கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பதிவு செய்கிறார். சில நாட்கள் அணிந்த பிறகு, எந்த வேளை மாத்திரைக்குப் பின் உடல் எப்படி இருந்தது என்ற வரைபடம் மருத்துவர் கைக்கு வருகிறது. மருந்தைக் கூட்டுவதா, அதே அளவை இடைவெளி குறைத்துப் பிரித்துத் தருவதா, சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதா என்ற முடிவுக்கு இப்போது ஓர் ஆதாரம் இருக்கிறது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே கிடைக்கும் அளவீட்டை நம்பித்தான் பல ஆண்டுகளாகச் சிகிச்சை நடக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு அப்படி எதுவும் இருந்ததில்லை.

மருத்துவரின் கண்ணுக்குத் தப்புவதையும் உணரிகள் காண்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நோயாளிகளின் உடலில் ஆறு உணரிகளைப் பொருத்தி, நடையையும் நிற்கும் நிலையையும் தொடர்ந்து அளந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான மதிப்பெண் முறை தெளிவாகக் காட்டாத நோய் முன்னேற்றத்தை, 15 மாதங்களிலேயே உணரித் தரவு காட்டியது. நோயின் போக்கைத் தடுக்கும் மருந்தைத் தேடுபவர்களுக்கு இது முக்கியமான செய்தி. கரடுமுரடான அளவுகோல், உண்மையிலேயே பயன் தரும் மருந்தைக்கூடப் பயனற்றது என்று காட்டிவிடக்கூடும்.

இனி எதிர்வாதங்கள். பல் துலக்குவதையும் குழம்பு கிளறுவதையும் நடுக்கமென்று கருவி தவறாக எண்ணாதா? எண்ணலாம். ஒரு கையில் கட்டிய கருவி, மறுகையின் நடுக்கத்தையும் காலின் உறைவையும் தவறவிடவும் கூடும். அதனால்தான் ஒரு நிமிடத்தின் எண்ணுக்கு மதிப்புக் குறைவு. பல நாட்களாக ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் போக்குக்கே மதிப்பு. இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. மனச்சோர்வு, மலச்சிக்கல், வலி, நினைவுக் குறைவு ஆகியவை நோயாளியை அசைவுக் குறைபாட்டைவிட அதிகமாக வாட்டலாம். முடுக்கமானிக்கு இவை தெரியாது. முற்றிலும் உண்மை. வரைபடம் வந்துவிட்டது என்பதற்காக நோயாளியிடம் பேசும் நேரத்தைக் குறைத்தால், கருவி நன்மையைவிடத் தீமையே செய்யும். அசைவைப் பற்றிக் கேட்டறியும் நேரத்தை மிச்சப்படுத்தி, மற்றத் துன்பங்களைக் கேட்க அந்த நேரத்தைத் தருவதே அதன் சரியான பயன்.

துல்லியமாக அளந்துவிட்டால் வாழ்க்கை மேம்பட்டுவிடுமா என்ற கேள்வியும் நியாயமானது. 'நைஸ்' தன் பரிந்துரையில் நிபந்தனை வைத்ததும், மேலும் சான்று திரட்டச் சொன்னதும் இதனால்தான். மருந்தை மாற்றும் வாய்ப்போ, மாற்றத் தெரிந்த மருத்துவரோ இல்லாத இடத்தில் வரைபடம் வெறும் காகிதம். நலமாக இருப்பவர்களிடம் நோயை முன்கூட்டியே தேடும் ஆசைக்கும் இது பொருந்தும். பிரிட்டனின் 'யூகே பயோபேங்க்' திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வாரம் அணிந்த கருவிகளின் தரவை ஆராய்ந்தபோது, நோய் கண்டறியப்படுவதற்கு ஏழு ஆண்டுகள் வரை முன்பே அசைவில் மாற்றம் தெரிந்தது. ஆராய்ச்சிக்கு இது பெரும் கொடை. ஆனால் நோயைத் தடுக்கும் மருந்து இல்லாத இன்றைய நிலையில், கைக்கடிகாரம் ஒருவருக்கு அந்தச் செய்தியைச் சொல்வது, தீர்வில்லாத கவலையைத் தருவதாகவே முடியும்.

எனவே எல்லையை இங்கே வகுக்கலாம்: நோய் உறுதியானவர்களுக்கு, மருந்து மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய காலத்தில், சில நாட்கள் அளக்கலாம். ஆயுள் முழுக்க அணிவித்துக் கண்காணிக்க வேண்டியதில்லை. தரவு நோயாளிக்கு உரியது. அவர் இசைவின்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வேலை தருபவருக்கோ அது போகக்கூடாது. இந்த எல்லைக்குள், தன் நாள் எப்படிக் கழிகிறது என்று மருத்துவர் அறிந்து மருந்து எழுத வேண்டும் என எதிர்பார்க்கும் உரிமை ஒவ்வொரு பார்க்கின்சன் நோயாளிக்கும் உண்டு. அதை நிறைவேற்றும் வழி இப்போது இருக்கும்போது, ஆண்டுக்கு ஓரிரு முறை பார்க்கும் சில நிமிடங்களை மட்டுமே நம்பி மருந்தளவை முடிவு செய்வதை இனியும் போதுமான சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள முடியாது.