கந்தையும் காந்தாவும்: பழந்துணிப் போர்வைகளில் நினைவு பேணும் மரபு – பரமத்தி வேலூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகள் வளர்ந்தபின் சிறிதாகிப்போன உடைகளையும், மறைந்த முன்னோரின் சேலை வேட்டிகளையும் துண்டுகளாக்கி இணைத்துத் தைக்கும் நினைவுப் போர்வை இன்று மேலைநாட்டுக் கைவினையாகவே அறிமுகமாகிறது. பழந்துணியில் உறவின் நினைவைப் பேணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஆனால் அது துணியை வெட்டாமல் பேணிய வழக்கம். உடை மாறிய இக்காலத்தில் அவ்வழக்கம் ஏன் தளர்கிறது, வெட்டித் தைக்கும் முறை அதற்கு எந்த அளவில் மாற்றாகக் கூடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கந்தை, காந்தா, தூளி, ஒட்டுப்போர்வை, பொருள்சார் பண்பாடு, கொங்கு வட்டாரம்

1. முன்னுரை

பொருள்சார் பண்பாட்டு ஆய்வுகளில் பட்டும் சரிகையும் பெற்ற இடத்தை அன்றாடப் பருத்தித் துணி பெறவில்லை. எளிய மக்களின் துணி உடுத்தித் தேய்ந்து, விரிப்பாகி, கைப்பிடித் துணியாகி, இறுதியில் விளக்குத் திரியாகி முடிந்துவிடுகிறது. ஆகவே ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளாக எதை உடுத்தியது என்பதற்குச் சான்று தேடுவோர்க்குப் புகைப்படங்களைத் தவிர வேறெதுவும் எளிதில் கிடைப்பதில்லை. பழந்துணியைப் போர்வையாக்கிப் பேணுதல் வீட்டுக் கைவேலையாக மட்டும் நின்றுவிடாமல், ஆவணமாகவும் அமையக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஒரு சொல்லின் இரு வழிகள்

‘கந்தை’ என்னும் தமிழ்ச் சொல், ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் ‘கந்தா’ என்னும் வடசொல்லின் வழிவந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் காட்டுகிறது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு வழங்கும் ‘காந்தா’ என்னும் பெயரையும் அச்சொல்லோடு தொடர்புபடுத்துவதே பொதுவான கருத்து. வேர் ஒன்றாயினும் வழிகள் வேறாயின. வங்காளத்தில் அச்சொல் மகளுக்கும் மருமகனுக்கும் பேரக்குழந்தைக்கும் அளிக்கத்தக்க பரிசின் பெயராயிற்று. தமிழில் அது வறுமையின் அடையாளமாகவே நின்றது. கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியும் கந்தையின் தூய்மையை வற்புறுத்துகிறதேயன்றி அதன் அழகைப் பேசவில்லை.

இம்மனநிலை பழமையானது. பொருநராற்றுப்படையில், வேற்று நூல் நுழைத்துத் தைத்த, வியர்வையில் நனைந்த பொருநனின் சிதாரைக் கரிகாலன் களைந்து, பாம்பின் சட்டை போன்ற நுண்ணிய ஆடையை அளிக்கிறான். அங்கே ஒட்டுத்தையல் வறுமையின் குறி. அதை நீக்குவது கொடையின் குறி. தைக்கும் தொழிலோ இழிவாகக் கருதப்படவில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்துக் கைவினைஞர் வரிசையில் துன்னகாரரையும் வைத்து எண்ணுகிறது. ஊசியும் நூலும் அறிந்திருந்த ஒரு சமூகம் ஒட்டுத்துணியை மட்டும் பரிசாகக் கருதாமைக்குத் துணியின் வடிவமே முதன்மைக் காரணம் எனலாம்.

3. வெட்டாத துணியின் மரபு

சேலையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கிய வடிவிலேயே உடுத்தப்படுபவை. 5.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.15 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பருத்திச் சேலையை மூன்றாக மடித்தால் 1.83 மீட்டர் நீளமுள்ள மூவடுக்கு விரிப்பு கிடைக்கும். விளிம்புகளை மூட்டினாலே அது படுக்கைக்குப் போதும். கொங்குச் சமவெளியின் வெப்பத்திற்கு அதனினும் தடித்த போர்வை பெரும்பாலான மாதங்களில் தேவைப்படுவதில்லை.

இம்மரபின் உச்சம் தூளி. விட்டத்திலோ மரக்கிளையிலோ கட்டப்படும் தூளிக்குப் புதுச்சேலையை விடப் பழஞ்சேலையே ஏற்றது. பலமுறை துவைத்ததால் அது மென்மையாகி, குழந்தையின் உடல் வடிவுக்கு இசைந்து கொடுக்கும். பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் ஏந்தும் வழக்கத்திற்கும் இதே காரணம் பொருந்தும். அதனோடு, பாட்டியின் சேலையில் பேரக்குழந்தை உறங்குவதை வாழ்த்தாகக் கொள்ளும் உணர்வும் உண்டு. இங்கே நினைவு பயன்பாட்டின் வழியே கடத்தப்படுகிறது. துணி தேய்ந்து தீரும்வரை நினைவும் உடன்வருகிறது. தீர்ந்தபின் சான்று எஞ்சுவதில்லை.

4. வெட்டியும் அடுக்கியும் தைக்கும் மரபுகள்

வங்காளக் காந்தாவில் பழஞ்சேலைகள் அடுக்கப்பட்டு, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் இடப்படும். ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் எழுதிய கட்டுரை இக்கலையின்பால் ஆய்வுலகின் கவனத்தைத் திருப்பியது. கொல்கத்தாவின் ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்பவர் தம் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று உள்ளது. தைத்தவர் யார், யாருக்காகத் தைத்தார் என்பதை அதிலுள்ள ஊசியெழுத்தே கூறுகிறது. பழஞ்சேலை ஆவணமாவதற்கு அந்த எழுத்தே காரணம்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க மரபினரான சித்தி மக்கள் பழைய உடைகளின் துண்டுகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை செய்கின்றனர். ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்களின் முறை. மூலைகளில் முக்கோணமாக மடித்து வைக்கும் ‘பூ’ இல்லையேல் போர்வை குறையுடையதாகக் கருதப்படும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்டில் வாழ்ந்த மிசௌரி பெட்வே, கணவர் இறந்தபின் 1942-இல் அவருடைய வேலை உடைகளையே வெட்டிப் போர்வையாக்கினார். 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையில், 3 அடிக்கு 6 அடி அளவில் 1,920 துண்டுகள் இருந்தன. முன்னது ஒரு வீட்டின் துயரம். பின்னது ஒரு நாட்டின் துயரம். இரண்டிலும் நினைவைத் தாங்கும் முறை ஒன்றே.

5. பரமத்தி வேலூர் வட்டாரத்தில் மாறிய உடை

காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைக்கும் வெல்லத்திற்கும் பெயர்பெற்றது. அதனைச் சூழ்ந்த பகுதியோ துணியால் வாழ்வது. ஆற்றுக்கு அப்பால் படுக்கை விரிப்பு முதலிய வீட்டுத்துணிகளை ஏற்றுமதி செய்யும் கரூர். அதே நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறி நகரங்களான பள்ளிபாளையம், குமாரபாளையம். சேலத்தருகே சேலைக்குப் பெயர்பெற்ற இளம்பிள்ளை. துணி நெய்வோரும் தைப்போரும் நிறைந்த இவ்வட்டாரத்திலும் பழந்துணியின் வழக்கமான பயணம் தடைப்பட்டுள்ளது.

இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, இழை மாற்றம். பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்கும். பாலியெஸ்டர் ஏற்பது ஏறத்தாழ 0.4 விழுக்காடே. ஆகவே செயற்கை இழைச் சேலை எத்தனை ஆண்டு பழையதாயினும் தூளிக்கும் விரிப்புக்கும் பருத்திபோல் உதவாது. இரண்டாவது, வடிவ மாற்றம். குழந்தையின் கவுன், பனியன், பள்ளிச் சீருடை ஆகியவை வெட்டித் தைத்த உடைகள். உருவம் வளர்ந்தபின் அவற்றை மடித்து விரிக்கவோ தூளி கட்டவோ இயலாது. அவை பாத்திரக்காரரிடம் மாற்றாகச் செல்கின்றன. அல்லது பெட்டியின் அடியில் தங்குகின்றன. பழைய பட்டுச்சேலையோ அதன் சரிகையிலுள்ள வெள்ளிக்காக விலைபோகிறது. வெட்டாமல் பேணிய மரபு, வெட்டித் தைத்த உடைக்கு வழிசொல்லவில்லை. ஒட்டுப்போர்வை பொருந்தும் இடம் இதுவே.

6. நினைவுப் போர்வை உருவாகும் முறை

ஒரு வயதுக் குழந்தையின் சட்டையில் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரு சதுரங்கள் எடுக்கலாம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு 6½ அங்குலமாக வெட்டினால், தைத்தபின் 6 அங்குலச் சதுரம் நிற்கும். 24 உடைகளில் கிடைக்கும் 48 சதுரங்களை வரிசைக்கு 6 வீதம் 8 வரிசையாக இணைத்தால் 3 அடிக்கு 4 அடிப் போர்வை அமையும்.

வெட்டுமுன் எல்லா உடைகளையும் துவைத்து, சாயம் போகிறதா என ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தல் வேண்டும். பனியன் துணி இழுபடும் இயல்புடையது. சட்டைக் கழுத்துப்பட்டிக்குத் தையலர் இடும் கேன்வாஸைவிட மெல்லிய ஒட்டுத்துணியை அதன் பின்புறம் வைத்துத் தேய்த்தால் வடிவம் நிலைக்கும். பாவும் ஊடும் சதுரத்தின் ஓரங்களுக்கு இணையாக அமைய வெட்டினால் போர்வை கோணாது. நடு அடுக்கிற்குப் பஞ்சு வேண்டுவதில்லை. பழம் பருத்திச்சேலை ஒன்று இவ்வட்டார வெப்பத்திற்குப் போதும். மூன்று அடுக்குகளையும் ஓட்டுத்தையலால் பிணைத்து ஓரம் மடித்தால் பணி நிறைவுறும்.

மூன்று வரையறைகள் இங்குக் கருதத்தக்கவை. அரிய கைத்தறிச் சேலையை வெட்டலாகாது. அதன் கரையும் முந்தியும் முழுமையாக இருந்தால்தான் நெசவு வரலாற்றுக்குச் சான்றாகும். இறந்தோர் இறுதியாக உடுத்திய துணியை விலக்கும் குடும்பங்களில் அவ்வழக்கத்தை மதித்தே துணியைத் தெரிவு செய்தல் வேண்டும். மேலும், எந்த உடை, யாருடையது, எந்த ஆண்டினது என்பதை ஒரு மூலையில் நூலால் எழுதிவைத்தல் வேண்டும். எழுதாத போர்வையின் செய்தி, அதை அறிந்தவரோடு மறைந்துவிடும்.

7. முடிவுரை

தமிழரிடம் பழந்துணியின் நினைவு மரபு இல்லாமல் இல்லை. அது தூளியிலும் விரிப்பிலும் வெட்டப்படாமல் வாழ்ந்தது. அதைத் தாங்கிய பருத்தியும் வெட்டாத உடையும் குறைந்துவரும் சூழலில், ஒட்டுப்போர்வையை அயல் வழக்கென ஒதுக்காமல் அதே மரபின் அடுத்த நிலையாகக் கொள்ள இடமுண்டு. ‘கந்தை’ என்னும் சொல்லின் மீது படிந்த வறுமைப் பொருள் இதற்குத் தடையாதல் வேண்டியதில்லை. பழந்துணியோடு அதன் வரலாற்றையும் உடன் பதிவு செய்யும் கள ஆய்வுகள் கொங்கு வட்டாரத்தில் தொடங்கப்பட்டால், நம் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியிருக்கும் அன்றாடத் துணிகளேனும் பெயரற்றுப் போகாமல் காக்கப்படும்.